வயதான எம்எக்ஸ்-5: சென்சாரை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

என் 1999 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியபோது சாவியோடும் காகிதங்களோடும் ஒரு பிஸ்கட் டின்னும் கைக்கு வந்தது. திறந்தால் உள்ளே கழற்றிப் போட்ட பழைய சென்சார்கள், மொத்தம் ஐந்து. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டேன், இனித் தொல்லை இல்லை என்றார் விற்றவர். வீடு வந்து சேர்வதற்குள் செக் எஞ்சின் விளக்கு எரிந்துவிட்டது.

எந்தச் சென்சாரும் போகவில்லை. இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவருக்கும் நடுவே ஓடும் பிசிவி குழாய், அதாவது எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உறிஞ்சும் குழாய், கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில், விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. விற்றவர் அந்த ஒரு ஓட்டையைத் துரத்திக்கொண்டு ஐந்து சென்சார் வாங்கியிருக்கிறார். பிறகு டின்னில் இருந்தவற்றை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். மூன்று நன்றாகவே இருந்தன. அவை இன்றும் என் உதிரிகள்.

சென்சார் சாகாது என்று சொல்லவில்லை. இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் சில சென்சார்கள் கட்டாயம் சாகும். ஆனால் பெரும்பாலும் புகார் சொல்கிற சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, பழுது வேறெங்கோ இருக்கிறது. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். என் வண்டி இரண்டாம் தலைமுறையின் முதல் பாதி, அதாவது என்பி1. வட அமெரிக்காவில் விற்றது, 1.8 லிட்டர் பிபி-4டபிள்யூ எஞ்சின், இப்போது 2,78,000 கி.மீ. எண்கள் எல்லாம் இந்த எஞ்சினுக்கு உரியவை. யோசிக்கும் முறை அந்தக் காலத்து எந்தப் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். வண்டியின் கணினியில் செருகி நேரலையில் தரவு பார்க்கும் ஓபிடி-2 ஸ்கேனர் ஒன்று. பழுதுக் கோடு (பி0171 மாதிரியான குறியீட்டு எண்) மட்டும் காட்டும் மலிவு வகை போதாது. 10 மி.மீ. சாக்கெட், 22 மி.மீ. ஆக்சிஜன் சென்சார் சாக்கெட், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். அப்புறம் நல்ல டார்ச்.

எதைத் தொடும் முன்பும் பேட்டரியைப் பாருங்கள். இந்த வண்டியில் அது டிக்கிக்குள் இருக்கிறது, அதனால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது 14 அருகிலும் இருக்க வேண்டும். வோல்டேஜ் தள்ளாடினால் ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினை ஆளும் கணினிக்கு, பேய் பிடித்த மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோடுகள் வரும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரைக் கழற்றி, துருவைத் தேய்த்து மாட்டுவது பத்து நிமிட வேலை. குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஊரில் ஓடிய வண்டியாக இருந்தால், முதல் வேலையே அதுதான்.

அறிகுறி: சிக்னலில் நிற்கும்போது ரேஸ் ஏறி இறங்குகிறது, ஸ்கேனரில் பி0171

பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். இதைப் பார்த்தவுடன் எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் முன் ஆக்சிஜன் சென்சாரை வாங்கிவிடுகிறார்கள். கோடில் எங்கும் "சென்சார் பழுது" என்று எழுதியிருக்கவில்லை.

ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள், குறுகிய காலத்துக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று. தான் கணக்குப் போட்டு வைத்த அளவை விட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று ஈசியூ சொல்லும் எண் இது. இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். என் வண்டியில் நின்றபடி இருக்கும்போது +22. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் பிடித்தால் +4.

இந்த வித்தியாசம்தான் துப்பு. சும்மா நிற்கும்போது எஞ்சின் உறிஞ்சும் காற்று கொஞ்சம்தான், வினாடிக்கு இரண்டு மூன்று கிராம். அப்போது ஒரு வெடிப்பு வழியாகத் திருட்டுத்தனமாக அரை கிராம் காற்று நுழைந்தால் அது பெரிய பங்கு. சுற்று ஏறும்போது எஞ்சின் பல மடங்கு காற்றைக் குடிக்கிறது, அந்த அரை கிராம் கணக்கிலேயே வராது. ஆக, நிற்கும்போது டிரிம் எகிறி, ரேஸ் கொடுத்தால் அடங்கினால் காற்றுக் கசிவு. நேர்மாறாக, நிற்கும்போது ஒழுங்காக இருந்து, மேட்டில் ஏற ஏற டிரிம் கூடிக்கொண்டே போனால் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் அழுக்கு, இல்லையென்றால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பு, பம்ப் தளர்ச்சி இரண்டையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை எனக்கு மிச்சப்படுத்திய பணத்தில் நான்கு டயர் வாங்கியிருக்கலாம்.

கசிவைத் தேட: ஏர்ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டில் பாடிக்கும் (ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்குக் காற்றைத் திறந்துவிடும் பாகம்) இடையே உள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். மடிப்பின் அடியில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். பிறகு பிசிவி வால்வு, அது செருகியிருக்கும் ரப்பர் வளையம் (வயதானால் கண்ணாடி மாதிரி இறுகி நொறுங்கும்), அதன் குழாய், பிரேக் பூஸ்டர் குழாய். கண்ணில் படவில்லை என்றால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் லேசாக அடியுங்கள். கசிவு உள்ள இடத்தில் தண்ணீர் படும் அந்த நொடியில் எஞ்சின் சத்தம் மாறும். ஊதுபத்திப் புகை காட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெட்ரோல் ஓடும் குழாய்களுக்குப் பக்கத்தில் நெருப்பை நீட்டாதீர்கள், ஊதுபத்தி சாமி அறையிலேயே இருக்கட்டும்.

கசிவு இல்லை, ஆனாலும் ரேஸ் ஆடுகிறது என்றால் த்ராட்டில் பாடியின் கரியையும் அதனடியில் இருக்கும், சும்மா நிற்கும்போது காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வையும் துடையுங்கள். த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மல்டிமீட்டரில் பாருங்கள். மிதியை மெதுவாக அழுத்தும்போது வோல்டேஜ் படியில்லாமல் வழுக்கிக்கொண்டே ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் விழுந்து எழுந்தால் அந்த இடம் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

ஏர்ஃப்ளோ மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே முடி மாதிரி ஒரு சூடான கம்பி. காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் அளவு தெரிகிறது. அதன்மேல் எண்ணெய்ப் படலம் படிந்தால் குளிர்வது குறையும், மீட்டர் குறைவாகச் சொல்லும், ஈசியூ குறைவாக ஊற்றும். கழுவி எண்ணெய் பூசிப் போடும் வகை ஏர்ஃபில்டர் வைத்திருப்பவர்கள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தால் இது நடக்கும். இதற்கென்றே விற்கும் கிளீனரை அடித்து, தானாகக் காயவிடுங்கள். துணி, பட்ஸ், பிரேக் கிளீனர் எதுவும் வேண்டாம். கழுவியும் திருந்தவில்லை என்றால் மட்டும் புதிது.

அறிகுறி: மேட்டில் ஐந்தாம் கியரில் மிதித்தால் மிஸ்ஸிங், ஜெர்க்

இந்த எஞ்சினில் இது ஏறக்குறைய எப்போதும் ஸ்பார்க் பிளக் ஒயர்தான். சென்சார் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் இது ஏன் சென்சார் பழுது போல வேடம் போடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சிலிண்டரில் பொறி விழாவிட்டால் அதில் இருந்த பெட்ரோலும் எரியாது, ஆக்சிஜனும் செலவாகாது. இரண்டும் அப்படியே எக்ஸாஸ்டுக்குள் வரும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோலை அளக்கத் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். "ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை" என்று அது ஈசியூவிடம் சொல்கிறது. ஈசியூ இன்னும் ஊற்றுகிறது. வண்டி பெட்ரோல் நாறுகிறது, ஸ்கேனரோ பெட்ரோல் குறைவு என்கிறது. இந்த முரண்பாட்டைப் பார்த்துக் குழம்பித்தான் ஆக்சிஜன் சென்சாருக்கு ஆர்டர் போடுகிறார்கள். பாவம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

எஞ்சின் ஓடும்போது இருட்டில் பானட்டைத் திறந்து ஒயர்கள்மேல் தண்ணீரை மென்மையாகத் தூவுங்கள். வெளியே நீலப் பொறி தாவினால் விடை கிடைத்துவிட்டது. ஓடும்போது ஒயரைக் கையால் தொட வேண்டாம். மல்டிமீட்டரில் ஒயரின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்கு 16 கிலோஓம் அருகில் இருக்கும். ஆனால் அளவு சரியாக இருந்தாலும் மேலுறை வழியாகப் பொறி கசியலாம், அதனால் இருட்டுச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

இதில் பொறி இரண்டிரண்டாக விழும். பொறிக்கு உயர் வோல்டேஜ் தருவது காயில். 1ஆம் 4ஆம் சிலிண்டருக்கு ஒரு காயில், 2ஆம் 3ஆம் சிலிண்டருக்கு ஒரு காயில். ஸ்கேனரில் பி0301, பி0304 (1ஆம், 4ஆம் சிலிண்டரில் மிஸ்ஸிங்) இரண்டும் ஜோடியாக வந்தால் காயிலைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் வந்தால் அந்த ஒயர் அல்லது பிளக். ஒயரை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம், கோடும் கூடவே மாறினால் ஒயர்தான் குற்றவாளி.

ஒயர் மாற்றும்போது பிளக்கையும் மாற்றிவிடுங்கள். இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், தலை (சிலிண்டர் ஹெட்) அலுமினியம். முதலில் கையால் திருகி, கடைசியில் 15 முதல் 22 நியூட்டன் மீட்டர் வரை மட்டும். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டின் முறை வந்துவிட்டது. அந்த எண்ணெய்தான் ஒயரின் ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கிறது, ஆகவே புது ஒயரைப் போட்டு பழைய கேஸ்கெட்டை விட்டுவைப்பது வீண் செலவு.

அறிகுறி: நன்றாகச் சூடானபின் ஓட ஓட ஆஃப் ஆகிறது, அரைமணி கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது

இதுதான் நிஜமான சென்சார் சாவு. எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்.

எனக்கு இது நடந்தது ஒரு ஜூலை மாத மதியம், இடதுபுறம் திரும்பும் சிக்னலில். ஆர்பிஎம் முள் 3,000 லிருந்து படியிறங்காமல் நேரே பூஜ்யத்துக்கு விழுந்தது. பின்னாலிருந்து ஹார்ன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு இருபத்தைந்து நிமிடம் நின்றேன். பிறகு முதல் சுற்றிலேயே பிடித்தது. மறுநாளும் அதே கதை.

முள்ளைக் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள் லேசாகவாவது துடிக்க வேண்டும். அசையாமல் படுத்திருந்தால் ஈசியூவுக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியவில்லை. அது பொறியும் தராது, பெட்ரோலும் ஊற்றாது. முள் துடிக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் கிராங்க் சென்சாரை விட்டுவிட்டுப் பெட்ரோல் பம்ப், ரிலே பக்கம் போங்கள். இரண்டாவது சோதனை: வண்டி நின்ற நிலையிலேயே ஈரத்துணியைச் சென்சார்மேல் வையுங்கள். குளிர்ந்ததும் ஸ்டார்ட் ஆனால் உறுதி.

சென்சார் எஞ்சினின் முன்பக்கம் அடியில், கிராங்க் புல்லியை ஒட்டி இருக்கிறது. புல்லிக்குப் பின்னால் நான்கு பல் கொண்ட ஒரு தகடு சுற்றும், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சென்சார் ஒரு துடிப்பு அனுப்பும். காந்தப்புலத்தை உணரும் ஹால் வகை என்பதால் இதை வெறும் ஓம் மீட்டரில் சோதிக்க முடியாது. கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, ஒரு முனையில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா, இன்னொன்றில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஒயரில் கோளாறு, புதுச் சென்சார் போட்டும் பயனில்லை. கனெக்டருக்குள் எண்ணெய் இருந்தால் முன்புற சீல் கசிகிறது.

மாற்றுவது எளிது, 10 மி.மீ. போல்ட்தான். ஆனால் பல்லுக்கும் சென்சார் முனைக்கும் நடுவே 0.5 முதல் 1.5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜை நான்கு பல்லிலும் விட்டுப் பாருங்கள், ஒரு பல்லில் மட்டும் போதாது. ஒரு பல்லில் 0.8, எதிர்ப் பல்லில் 1.6 என்று வந்தால் தகடு வளைந்திருக்கிறது. யாரோ பெல்ட் மாற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருப்பார்கள். ஒயரைப் பழைய வழியிலேயே கிளிப்பில் செருகுங்கள், ஃபேன் பெல்ட்டில் உரசினால் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள்.

நான் முதலில் பெயர் தெரியாத ஒரு மலிவுச் சென்சார் போட்டேன். நான்கு மாதத்தில் அதே சிக்னல், அதே ஹார்ன். வழியில் நிறுத்திவிடும் சாமான்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது அன்றைக்கு எடுத்த முடிவு. வண்டியோடு வந்த அதே தயாரிப்பாளரின் சாமானை வாங்குங்கள், பெட்டியைப் பார்த்துப் போலியா என்றும் கவனியுங்கள்.

டைமிங் பெல்ட் 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற வேண்டியது. அந்த வேலைக்குப் புல்லி எப்படியும் கழன்று வரும். அப்போதே கிராங்க் சென்சார், வாட்டர் பம்ப், கிராங்க் மற்றும் கேம் சீல்கள், டென்ஷனர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். புல்லியைக் கழற்றும் முன் அந்தப் பல் தகடு எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக மாட்டிவிட்டு வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் கையில்தான் இந்தக் கீபோர்டு இருக்கிறது.

அறிகுறி: சூடான பிறகும் பெட்ரோல் நாற்றம், கறுப்புப் புகை, மைலேஜ் சரிவு

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் வெப்ப சென்சாரில் தொடங்குங்கள். ஈசியூ இதை நம்பித்தான் எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா, சூடா என்று முடிவெடுக்கிறது. சென்சார் உள்ளுக்குள் அறுந்துவிட்டால் அல்லது கனெக்டர் லூஸ் ஆனால் ஈசியூவுக்கு அது மைனஸ் 40 டிகிரியாகத் தெரியும். ஐஸ் கட்டிக் கிடக்கும் எஞ்சினுக்கு ஊற்றுவது போல ஊற்றித் தள்ளும்.

செலவே இல்லாத சோதனை ஒன்று. இரவு முழுக்க வண்டி நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் வெளி வெப்பத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். வெளியே 12 டிகிரி, ஒன்று 13 என்கிறது, மற்றது 31 என்கிறது என்றால் பொய் சொல்வது யார் என்று விளங்கிவிடும்.

கழற்றியும் சோதிக்கலாம். 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோஓம், 80 டிகிரியில் 0.29 முதல் 0.35 கிலோஓம். பாத்திரத்தில் வெந்நீர், ஒரு தெர்மாமீட்டர், மல்டிமீட்டர் போதும். சமையலுக்கு எடுக்கும் பாத்திரத்தைத் தொடாதீர்கள், அந்த வழக்கு வேறு மாதிரி முடியும். சூடு ஏற ஏறத் தடை வழுக்கிக்கொண்டே இறங்க வேண்டும், இடையில் தாவக்கூடாது.

இடம்தான் கொடுமை. தலையின் பின்பக்கம், காயில் பேக்குக்குக் கீழே, ஃபயர்வாலுக்கும் (எஞ்சின் அறையையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் சுவர்) எஞ்சினுக்கும் நடுவிலுள்ள சந்தில் இருக்கிறது. காயிலைக் கழற்றி ஓரமாக வைத்தால்தான் கை போகும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு செய்யுங்கள். கை போயிருக்கும் அதே நேரத்தில் பக்கத்திலுள்ள ஹீட்டர் குழாய்களையும் அழுத்திப் பாருங்கள். ரொட்டி மாதிரி மெத்தென்றோ, மரக்கட்டை மாதிரியோ இருந்தால் மாற்றிவிடுங்கள், அந்தச் சந்துக்கு இன்னொரு தடவை போக உங்களுக்கு மனசு வராது.

அறிகுறி: சூடு முள் எப்போதும் நடுவில், ஆனால் ஏதோ சரியில்லை

இந்தத் தலைமுறையின் சூடு முள்ளை நம்ப வேண்டாம். ஓட்டுபவர் பயப்படக்கூடாது என்பதற்காக அகலமான ஒரு வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். ஆயில் பிரஷர் முள்ளும் அப்படித்தான். 1995க்குப் பிறகு வந்த வண்டிகளில் அதன் பின்னால் இருப்பது அளவுகோல் இல்லை, வெறும் ஸ்விட்ச். இருக்கிறது, இல்லை என்ற இரண்டைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும். ஆகவே ஆயிலைக் குச்சியில் பாருங்கள், வெப்பத்தை ஸ்கேனரில் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் ஸ்கேனர் 70 டிகிரிக்கு மேல் ஏறவில்லை என்றால் ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிவிட்டது. அது 88 டிகிரி அருகில்தான் திறக்க வேண்டும். இங்கேயும் கூலன்ட் சென்சாரை மாற்றிப் பணத்தை விடுவார்கள். மாறாக, டிராஃபிக்கில் 105ஐத் தொடுகிறது என்றால் ஃபேன் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு ரேடியேட்டர்.

ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு. வயதாக ஆக பச்சை கலந்த பழுப்புக்கு வரும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் நீண்ட பயணம் எதுவும் போடாதீர்கள், அடுத்த வாரமே மாற்றுங்கள். தையல் ஓரத்தில் ஒருநாள் திடீரென்று பிளக்கும். எச்சரிக்கைக் கோடு எதுவும் வராது.

அறிகுறி: பி0133, பி0135

இப்போதுதான் முன் ஆக்சிஜன் சென்சாருக்கு நியாயமான முறை. பி0133 என்றால் அது மந்தமாகிவிட்டது. பி0135 என்றால் உள்ளே இருக்கும் ஹீட்டர் சர்க்யூட் வேலை செய்யவில்லை. ஹீட்டர் கோடு வந்தால் முதலில் ஃப்யூஸ், அடுத்து கனெக்டர், அதற்கப்புறம் சென்சார். ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே முடிவில்லாத் தடை காட்டினால் அறுந்துவிட்டது.

எஞ்சின் சூடாக, 2,500 சுற்றில் பிடித்தபடி பார்த்தால் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஊஞ்சலாட வேண்டும். நடுவிலேயே சோம்பிக் கிடந்தால் வயதாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: இந்தக் காலத்து ஈசியூ தரவை மெதுவாகத்தான் அனுப்பும். ஸ்கேனரில் பத்து எண்களை ஒரே சமயத்தில் கேட்டால் நல்ல சென்சார்கூட மந்தமாகத் தெரியும். அதை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

ஹீட்டர் உள்ள சென்சாருக்கு 1,60,000 கி.மீ. என்று வழக்கமாக ஒரு ஆயுள் சொல்வார்கள். ஆயிலோ கூலன்டோ எரியும் எஞ்சினில் அதற்கு முன்பே போகும். கேஸ்கெட்டுக்கு அப்பும் சிலிகான் பசையிலும் சென்சாருக்கு ஒத்துக்கொள்ளாத வகைகள் உண்டு, டியூபின்மேல் சென்சாருக்குப் பாதிப்பில்லாதது என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

கழற்ற, முந்தின இரவே மரையில் துருவை இளக்கும் எண்ணெய் விடுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 மி.மீ. சாக்கெட்டால் ஒரே நிதானமான அழுத்தம். புதியதன் மரையில் பெரும்பாலும் ஆன்டிசீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசியே வரும், இல்லாவிட்டால் மரையில் மட்டும் தொட்டு வையுங்கள், முனையில் படக்கூடாது. 30 முதல் 49 நியூட்டன் மீட்டர். ஒயரை வெட்டிச் சேர்க்கும் பொதுவகை வாங்காமல் கனெக்டரோடு வருவதை வாங்குங்கள். இந்த வகைச் சென்சார் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை ஒயருக்குள் இருக்கும் சந்து வழியாகத்தான் இழுக்கிறது, அதனால் ஈயம் வைத்து ஒட்டுவதும் கனெக்டரில் கிரீஸ் அப்புவதும் அதன் மூக்கைப் பொத்துவது மாதிரி.

பி0420 வேறு விஷயம். அது எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பற்றிய புகார். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் அபூர்வமாகத்தான் தீரும். எக்ஸாஸ்டில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், பிறகு பின் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். அது 0.6, 0.7 என்று அசையாமல் நின்றால் கன்வர்ட்டர் உயிரோடு இருக்கிறது. முன் சென்சாரின் ஊஞ்சலை அப்படியே காப்பி அடித்தால் கன்வர்ட்டர் முடிந்தது. மேட்டில் மிஸ்ஸிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் எரியாத பெட்ரோல் அதைச் சுட்டுத் தின்றிருக்கும்.

சின்னச் சின்னவை

பி0401 வந்தால் ஈஜிஆர் வழியில், அதாவது புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் வழியில், கரி அடைப்பு. கழற்றிச் சுரண்டுங்கள். சென்சார் வாங்க வேண்டாம்.

ஏபிஎஸ் விளக்கு, அதுவும் மழை நாளில் மட்டும் எரிகிறது என்றால் சக்கர சென்சாரின் அடியில் துரு பொங்கி அதைத் தூக்கியிருக்கும். சுத்தம் செய்து, ஒயரில் விரிசல் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

ஸ்பீடோமீட்டர் முள் துள்ளினால் கியர்பாக்ஸில் இருக்கும் வேக சென்சாரின் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பாதி நேரம் அதோடு சரி.

கியர் விழும்போது முரண்டு பிடித்தால் அது சென்சார் இல்லை, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர். அதன் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாற்றுங்கள்.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரைத் தேடி அலையாதீர்கள், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கையை மூன்று இடத்தில் மடக்கினால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5ஐ ஹிரோஷிமாவில் கட்டினார்கள். அத்தனை வண்டிகளுக்கும் ஃபில்டர் மாற்றிய முழங்கைகளை நினைத்துப் பார்க்கிறேன்.

மாற்றிய பிறகு

ஸ்கேனரில் பழுதுக் கோடுகளை அழித்தால் ஈசியூ கற்றுவைத்த டிரிம் அளவுகளும், தன்னைத்தானே சோதித்துக்கொண்ட பதிவுகளும் சேர்ந்து அழியும். முதல் சில நாள் ஐடில் கொஞ்சம் தடுமாறும், பயப்படாதீர்கள். புகைச் சோதனை உள்ள ஊரில் சோதனைக்கு முந்தின நாள் பழுதுக் கோடுகளை அழிக்கவே வேண்டாம். தயார்நிலைப் பதிவுகள் நிரம்பாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் என்று சில நாள் ஓட்டினால் அவை ஒவ்வொன்றாக நிரம்பும். ஸ்கேனரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பழுதுக்கு முன் எடுத்த டிரிம் எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். என்னுடையது +22 லிருந்து +3க்கு வந்தது. அந்தத் தாள் இப்போது பிஸ்கட் டின்னின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது.